உயிர் பிழைத்த விபத்துகளையும் விசாரியுங்கள்

பெறுநர்: இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பு நிர்வாகிகள் மற்றும் தமிழ்நாட்டில் ஃபார்முலா பந்தயங்களை நடத்தும் அமைப்பாளர்கள்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். சக்கரங்கள் காரின் உடலுக்கு வெளியே திறந்திருக்கும் திறந்த சக்கரக் கார்ப் பந்தயங்களில் பெரும் வேகத்தில் மோதியும் ஓட்டுநர் உயிர் தப்பிய ஒவ்வொரு விபத்தையும், ஓர் உயிர் போயிருந்தால் எவ்வளவு ஆழமாக விசாரிப்பீர்களோ அதே ஆழத்தில் விசாரித்து, அந்த அறிக்கையைப் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காக இம்மடலை எழுதுகிறேன். நான் பொறியாளனும் அல்லன், முன்னாள் ஓட்டுநரும் அல்லன். சோழவரம் ஓடுதளப் பந்தயங்களைப் பற்றிப் பெரியவர்கள் பேசக் கேட்டு வளர்ந்து, இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தின் வெயிலில் நின்று பார்த்துப் பழகிய பார்வையாளன். பந்தய முடிவுகளைவிட விபத்து அறிக்கைகளை அதிக அக்கறையோடு படிப்பவன்.

இந்தக் கோரிக்கைக்கு இப்போது என்ன அவசரம் என்று நீங்கள் கேட்கலாம். 2023இல் ஃபார்முலா கார்களின் தொடக்க நிலையான எஃப்4 வகையில் இந்தியன் சாம்பியன்ஷிப் தொடங்கியது; 15 வயது நிறைந்தவர் அந்தக் காரில் அமரலாம். 2024 ஆகஸ்ட் இறுதியில் தீவுத்திடலையும் கொடிமரச் சாலையையும் சிவானந்தா சாலையையும் நேப்பியர் பாலத்தையும் இணைத்த சுமார் 3.5 கி.மீ. தெருத் தடத்தில், கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே, இரவு வெளிச்சத்தில் அந்தக் கார்கள் ஓடின. சர்வதேசக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் தடச் சான்று வரும்வரை சனிக்கிழமைப் பந்தயம் தள்ளிப்போனதால் சலித்துக்கொண்டவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், அந்த வார இறுதியில் நடந்தவற்றுள் மிகவும் பொறுப்பான காரியம் அந்தத் தாமதம்தான். அதே பொறுப்பு, பந்தயம் முடிந்து காரின் சிதறல்களைப் பொறுக்கி எடுத்த பிறகும் தொடர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நான் சொல்ல வருவதற்குச் சான்றாக ஒரு விபத்தைச் சற்று விரிவாக எடுத்துக்கொள்கிறேன். 2020 நவம்பர் 29 அன்று பஹ்ரைன் நாட்டின் சாகிர் தடத்தில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தில், முதல் சுற்றின் மூன்றாவது வளைவைக் கடந்த இடத்தில், ரொமெய்ன் குரோஷான் ஓட்டிய ஹாஸ் அணிக் கார் வலப்பக்கமாகக் குறுக்கே பாய்ந்தபோது, அதன் பின்சக்கரம் டேனியல் குவியாட்டின் காரின் முன்சக்கரத்தில் பட்டது. அப்போது வேகம் மணிக்கு 241 கி.மீ. தடத்தின் ஓரத்திலிருந்த மூன்றடுக்கு இரும்புத் தகட்டுத் தடுப்பில் மோதியபோது வேகம் 192 கி.மீ.; ஓட்டுநர் மீது வந்த உச்ச விசை புவியீர்ப்பைப்போல் 67 மடங்கு. கார் இரண்டாகப் பிளந்தது. என்ஜினோடு பின்பாதி தடத்தின் பக்கமே நின்றுவிட, ஓட்டுநர் அமர்ந்திருந்த கார்பன் இழைக் கூடு நடுத்தகட்டை உடைத்துக்கொண்டு தடுப்புக்குள் புகுந்து சிக்கிக்கொண்டது. எரிபொருள் தொட்டியின் பக்கவாட்டு மூடி பெயர்ந்தது. என்ஜினுக்குச் செல்லும் எரிபொருள் இணைப்பும் தொட்டியிலிருந்து பிய்ந்தது. பந்தயத்தின் தொடக்கம் என்பதால் தொட்டி ஏறக்குறைய நிறைந்திருந்தது. தீ அங்கிருந்துதான் பிடித்தது.

அந்தத் தீக்குள் குரோஷான் 27 விநாடிகள் இருந்தார். அவருடைய இடது கால் பெடல்களின் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தது. காலை இழுத்தபோது காலணி அங்கேயே தங்கிவிட, பாதம் மட்டும் வெளியே வந்தது. இடம்பெயர்ந்து கிடந்த தலைத்தாங்கியையும் ஸ்டியரிங் சக்கரத்தையும் ஒதுக்கிவிட்டு, ஓட்டுநரின் தலையைக் காக்கும் ஹேலோ எனப்படும் டைட்டானிய வளையத்துக்கும் உடைந்த தடுப்புக்கும் இடையில் இருந்த இடுக்கின் வழியே அவர் எழுந்தார். மோதி 11 விநாடிகளுக்குள் மருத்துவக் கார் வந்து நின்றிருந்தது. அதிலிருந்து இறங்கிய மருத்துவர் இயன் ராபர்ட்ஸ் தீயின் விளிம்புவரை சென்று, தடுப்பைத் தாண்டிவர அவருக்குக் கைகொடுத்தார். புறங்கைகள் இரண்டும் வெந்திருந்தன. பிடி உணர்வு கெடக்கூடாது என்பதற்காகக் கையுறைகள் மற்ற உடையைவிட மெல்லியதாகவே செய்யப்பட்டிருந்தன. எலும்பு ஒன்றும் முறியவில்லை. அடுத்த ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் இண்டிகார் தொடரில், இண்டியானாபோலிஸ் சாலைத் தடத்தில் அவர் இரண்டாம் இடம் பிடித்தார்.

உலகம் முழுவதும் இதைக் கடவுள் செயல் என்றார்கள். ஓட்டுநரின் வீட்டார் அப்படிச் சொல்வதில் பிழையே இல்லை. பந்தயத்தை நடத்துபவர்கள் அப்படிச் சொல்லிவிட்டு நகர்ந்திருந்தால்தான் பிழை. எஃப்.ஐ.ஏ. அவ்வாறு நகரவில்லை, ஒரு மரணத்தை விசாரிப்பதுபோல் விசாரித்து 2021 மார்ச் மாதம் தன் முடிவுகளை வெளியிட்டது. வேகம், கோணம், தடுப்பின் எந்தத் தகடு எப்படி உடைந்தது, எரிபொருள் எங்கிருந்து கசிந்தது, ஓட்டுநர் எதை நகர்த்திவிட்டு வெளியேறினார் என்பதெல்லாம் அதில் இருந்தன. மேலே நான் எழுதிய விவரங்களை ஒரு சென்னைவாசி எழுத முடிந்ததே அந்த வெளியீட்டால்தான்.

இந்த விபத்தில் ஓட்டுநரைக் காத்த பொருள்கள் வென்றன, தடம் தோற்றது. தலைக்கவசம், கழுத்துக் காப்பு, இருக்கை வார்கள், கார்பன் கூடு, ஹேலோ, 2020 முதல் கட்டாயமாக்கப்பட்ட கூடுதல் வெப்பம் தாங்கும் உடை ஆகிய அத்தனையும் தத்தம் வேலையைச் செய்தன. தடுப்பு தன் வேலையைச் செய்யவில்லை. காரை உள்வாங்கி மெல்ல நிறுத்தவோ, தடத்தோடு ஒட்டி வழுக்கிச் செல்ல விடவோ வேண்டிய தடுப்பு, நடுவில் பிளந்து வழிவிட்டது. 1974 அக்டோபர் 6 அன்று அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளென் தடத்தில் ஹெல்முட் கோய்னிக் என்ற 25 வயது ஆஸ்திரிய ஓட்டுநர் இதே வகைத் தகட்டுத் தடுப்பில் மோதினார். சரியாகப் பொருத்தப்படாத கீழ்த்தகடு விலக, கார் அதனடியில் புகுந்தது. மேல்தகடு நிலையாக நின்றது. அவர் அங்கேயே இறந்தார், எப்படி என்று நான் எழுத விரும்பவில்லை. 46 ஆண்டுகள் கழித்து சாகிரில் நடந்ததும் அடிப்படையில் அதே தோல்விதான். இம்முறை தகட்டுக்கும் ஓட்டுநரின் தலைக்கும் நடுவே ஹேலோ இருந்தது. குரோஷான் உயிரோடு வந்த மகிழ்ச்சியில் தடுப்பை மறந்திருந்தால், 1974இன் பாடம் மூன்றாவது முறையும் தேவைப்பட்டிருக்கும்.

தடுப்பைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் ஒரு சிறிய கணக்கு. மணிக்கு 192 கி.மீ. வேகத்தில் வரும் காரை ஒரே சீராக 1 மீட்டர் தூரத்துக்குள் நிறுத்தினால், உள்ளே இருப்பவர் மீது வரும் விசை சுமார் 145 ஜி, அதாவது புவியீர்ப்பைப்போல் 145 மடங்கு. அதே காரை 2 மீட்டரில் நிறுத்தினால் அது சுமார் 72 ஜியாகப் பாதியாகிறது. 10 மீட்டர் கொடுத்தால் 15 ஜிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அதாவது ஓட்டுநர் பிழைப்பதும் பிழைக்காததும் பெரும்பாலும் சுவரின் முன்னால் கிடைக்கும் ஓரிரு மீட்டர் நசுங்கும் இடத்தைப் பொறுத்தது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் டீன் சிக்கிங் தலைமையிலான குழு, கான்கிரீட் சுவருக்கு முன்னால் எஃகுக் குழாய்களையும் நுரைக் கட்டைகளையும் வைத்து உருவாக்கிய சேஃபர் தடுப்பு 2002இல் இண்டியானாபோலிஸ் தடத்தில் பொருத்தப்பட்டது இந்தக் கணக்கை நம்பித்தான். தெருத் தடங்களில் சுவர்தான் எல்லை. பின்னால் தள்ள இடமில்லை. ஆகவே எந்த வளைவில் வெறும் கான்கிரீட் போதும், எங்கே டயர் அடுக்கோ வேறு மெத்தைத் தடுப்போ வேண்டும் என்பதை ஊகத்தால் அன்றி, முந்தைய மோதல்களின் பதிவைப் பார்த்தே முடிவு செய்ய முடியும்.

கார் நின்றால் போதாது, தலையும் நிற்க வேண்டும். பேருந்து திடீரென்று பிரேக் போடும்போது உடம்பை இருக்கை தாங்கினாலும் தலை மட்டும் முன்னால் பாய்வதை நாம் எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். பந்தயக் காரில் உடம்பு வார்களால் இறுகக் கட்டப்பட்டிருப்பதால், தலைக்கும் கவசத்துக்கும் சேர்ந்த சுமார் 6 கிலோ எடை 67 ஜியில் 400 கிலோவாகிக் கழுத்தை இழுக்கிறது. மண்டையோட்டின் அடித்தளம் முறிந்து ஓட்டுநர்கள் இறந்தது இப்படித்தான். 1994 ஏப்ரல் 30 அன்று இமோலாவில் ரோலண்ட் ராட்சென்பெர்கர் இறந்ததும் அப்படியே. தலைக்கவசத்தைத் தோளோடு வாரால் பிணைக்கும் ஹான்ஸ் கருவியை, மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ஹப்பார்டும் அவருடைய மைத்துனரும் பந்தய ஓட்டுநருமான ஜிம் டவுனிங்கும் 1980களிலேயே உருவாக்கிவிட்டார்கள். ஃபார்முலா 1 அதைக் கட்டாயமாக்கியது 2003இல். கருவி கையில் இருந்தும் இத்தனை ஆண்டுகள் ஏன் கழிந்தன என்பதற்குத் தோள்பட்டை உறுத்துகிறது, பக்கம் திரும்பிப் பார்க்க முடியவில்லை என்ற முணுமுணுப்புகளும் ஒரு காரணம்.

ஹேலோவுக்கும் இதே வரவேற்புதான் கிடைத்தது. 2009இல் பிராண்ட்ஸ் ஹாட்ச் தடத்தில் மற்றொரு காரிலிருந்து கழன்று வந்த சக்கரம் தலையில் பட்டு 18 வயது ஹென்றி சர்டீஸ் இறந்தார். 2015 ஆகஸ்ட் மாதம் போகோனோ தடத்தில் வேறொரு காரிலிருந்து பறந்து வந்த மூக்குக் கூம்பு தாக்கி ஜஸ்டின் வில்சன் இறந்தார். இவ்வளவுக்குப் பிறகும், 2018இல் ஹேலோ வந்தபோது அழகு கெட்டுவிட்டது, திறந்த காக்பிட்டின் மரபு போய்விட்டது என்று எதிர்த்தவர்கள் ஏராளம். அவர்களுள் குரோஷானும் ஒருவர். சுமார் 7 கிலோ எடையுள்ள அந்த வளையம் 12 டன் அளவுக்கான சுமையைத் தாங்க வேண்டும் என்பது விதி. சாகிர் விபத்துக்குப் பிறகு மருத்துவமனைப் படுக்கையிலிருந்து அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டதாக வெளிப்படையாகச் சொன்னார்.

இனி, அளவீட்டைப் பற்றி. 2003 அக்டோபரில் டெக்சாஸ் தடத்தில் கென்னி பிராக் ஓட்டிய இண்டிகார் பறந்து வேலியில் மோதியபோது காரிலிருந்த பதிவுக்கருவி 214 ஜி என்று காட்டியது. தொடை எலும்பும் மார்பெலும்பும் முதுகெலும்பும் கணுக்கால்களும் முறிந்தன. ஆனாலும் 2005இல் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்துக்கான தகுதிச் சுற்றுகளில் அவ்வாண்டின் மிக அதிக வேகத்தைப் பதிவுசெய்தவர் அவரே. 2007 ஜூன் 10 அன்று மான்ட்ரியலில் ராபர்ட் குபிட்சாவின் கார் கான்கிரீட்டில் மோதி உருண்டபோது உச்ச விசை 75 ஜி. லேசான மூளை அதிர்ச்சியும் கணுக்கால் சுளுக்கும்தான் மிச்சம். ஒரே ஒரு பந்தயத்தைத் தவறவிட்டு அவர் திரும்பிவந்தார். மறு ஆண்டு அதே தடத்தில் வென்றார். மனித உடல் எவ்வளவு தாங்கும் என்பதை இறந்தவர்களின் உடல்களைவிடப் பிழைத்தவர்களின் பதிவுக்கருவிகளே நமக்கு அதிகம் கற்றுத் தந்திருக்கின்றன. ஃபார்முலா 1 கார்களில் விபத்துப் பதிவுக்கருவியும், காதுக்குள் இருக்கும் உணர்கருவியும், 2016 முதல் ஓட்டுநரின் தலையசைவை விநாடிக்கு 400 படங்களாகப் பிடிக்கும் காமராவும் இருப்பது அதற்காகத்தான். கீழ்நிலைத் தொடர்கள் அனைத்துக்கும் இவ்வளவும் வாங்கப் பணம் இராது என்பது தெரியும். எளிமையான ஒரு பதிவுக்கருவியேனும் ஒவ்வொரு காரிலும் இருக்க வேண்டும் என்று கேட்பது அதிகமில்லை.

மருத்துவக் கார் 11 விநாடிகளில் வந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. 1978 செப்டம்பர் 10 அன்று மான்சாவில் பந்தயம் தொடங்கிய சில நொடிகளில் நேர்ந்த மோதலில் ரானி பீட்டர்சனின் கார் தீப்பற்றியது. ஜேம்ஸ் ஹண்ட் உள்ளிட்ட சக ஓட்டுநர்கள் அவரை இழுத்து வெளியே போட்டார்கள். ஆம்புலன்ஸ் வர வெகுநேரம் ஆனது. மறுநாள் காலை அவர் இறந்தார். அப்போது ஃபார்முலா 1இன் மருத்துவராகப் புதிதாகச் சேர்ந்திருந்த சிட் வாட்கின்ஸ், முதல் சுற்று முழுவதும் கார்களுக்குப் பின்னால் மருத்துவர் அமர்ந்த கார் ஒன்று போக வேண்டும் என்று விடாப்பிடியாக நின்று அடுத்த பந்தயத்திலேயே நடைமுறைப்படுத்தினார். கணக்கற்ற முதல் சுற்றுகளில் ஒன்றுமே நடக்காமல் அந்தக் கார் சுற்றி வந்திருக்கிறது. ஏற்பாட்டைத் தளர்த்திவிடலாம் என்று யாரும் நினைக்காததால்தான் 2020இல் அது அங்கே இருந்தது.

பிழைத்த விபத்திலிருந்து விதி பிறந்ததற்கு இன்னும் அண்மையான எடுத்துக்காட்டு ஃபார்முலா 1 ஓட்டுநர் சோ குவான்யூ. 2022 ஜூலை 3 அன்று சில்வர்ஸ்டோன் பந்தயத்தின் தொடக்கத்தில் அவருடைய ஆல்ஃபா ரோமியோ கார் தலைகீழாகச் சறுக்கி, டயர் தடுப்பைத் தாண்டி, வேலிக்கும் தடுப்புக்கும் இடையிலான சந்தில் விழுந்து நின்றது. ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் உயர்ந்து நின்று, கார் கவிழ்ந்தால் தலையைக் காக்க வேண்டிய ரோல் ஹூப் என்ற வளைவு பெயர்ந்து போயிருந்தது. அவர் பெரிய காயம் ஏதும் இன்றித் தப்பினார். ஹேலோ இருந்ததே, போதும் என்று அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ரோல் ஹூப்பின் மேற்பகுதி வளைவாக இருக்க வேண்டும், முன்னோக்கி இழுக்கும் விசையையும் தாங்கிக் காட்ட வேண்டும் என்று 2023ஆம் ஆண்டுக்கான விதிகள் உடனே மாறின. ஒரு சவப்பெட்டியும் தேவைப்படாமல் நடந்த திருத்தம் அது.

மறதி என்ன செய்யும் என்பதும் தெரிந்ததே. 2014இல் மழை பெய்த சுசூகா தடத்தில், வேறொரு காரை அகற்றிக்கொண்டிருந்த தூக்கு வண்டியில் மோதிப் படுகாயமுற்ற ஜூல்ஸ் பியாங்கி 2015 ஜூலையில் இறந்தார். 2022 அக்டோபரில் அதே சுசூகாவில், அதே மழையில், பியர் கேஸ்லி தடத்தின் மேலேயே நின்ற ஒரு மீட்பு வண்டியைக் கடந்து போக நேர்ந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்த மாதமே எஃப்.ஐ.ஏ. ஆய்வறிக்கை வெளியிட்டது. ஏனென்றால் கார் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் சில மோதல்களைத் தாங்காது. 2019இல் ஸ்பா தடத்தில், டயர் தடுப்பில் பட்டுத் திரும்பி வந்து குறுக்கே நின்ற அந்துவான் யூபேரின் எஃப்2 (ஃபார்முலா 1க்கு அடுத்த நிலை) காரின் பக்கவாட்டில் ஹுவான் மனுவேல் கொரெயாவின் கார் மணிக்கு 218 கி.மீ. வேகத்தில் பாய்ந்தது. யூபேரைச் சுற்றி ஹேலோவும் கூடும் கழுத்துக் காப்பும் எல்லாம் இருந்தன, அவர் பிழைக்கவில்லை.

நம் தடத்துக்கு வருகிறேன். 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு மூத்த கார் ஓட்டுநரை இழந்தோம். அதே ஆண்டு ஆகஸ்டில் 13 வயதுச் சிறுவன் ஒருவனை மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் இழந்தோம். இரண்டும் திறந்த சக்கரக் கார் விபத்துகள் அல்ல; அவற்றை இந்த வாதத்துக்குள் இழுப்பது முறையுமல்ல. ஆனால் அந்த மரணங்களின்போது எழுந்த பேச்சும் கேள்வியும், ஓட்டுநர் தூசியைத் தட்டிக்கொண்டு பிட்டுக்கு நடந்து வரும் விபத்துகளுக்குப் பின் எழுவதில்லை என்பதைப் பார்வையாளர் வரிசையில் இருப்பவன் என்ற முறையில் நான் கவனித்திருக்கிறேன். கைதட்டுகிறோம், அடுத்த சுற்றைப் பார்க்கிறோம்.

வழக்கு, இழப்பீடு, காப்பீடு என்ற அச்சம் உங்களுக்கு இருக்கலாம். விமானத்துறையில் ஒருவருக்கும் காயம் ஏற்படாத கடுமையான சம்பவங்களும் விசாரிக்கப்பட்டு அறிக்கைகள் வெளியாகின்றன. குற்றம் சுமத்துவது அவ்விசாரணையின் நோக்கம் அன்று என்பது சர்வதேச விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதே வரியை உங்கள் அறிக்கைகளின் முதல் பக்கத்தில் இடலாம். ஓட்டுநரின் பெயரையும் மருத்துவ விவரங்களையும் விட்டுவிடலாம். அவர் சிறுவராக இருந்தால் விடத்தான் வேண்டும். மோதிய வேகம், கோணம், தடுப்பின் வகையும் நிலையும், பதிவான விசை, ஓட்டுநர் வெளியேற எடுத்துக்கொண்ட நேரம், தடக் காவல் ஊழியரான மார்ஷலும் மருத்துவரும் வந்து சேர்ந்த நேரம், வார்களும் கழுத்துக் காப்பும் எந்த நிலையில் இருந்தன, அடுத்த பந்தயத்துக்குள் என்ன மாற்றப்பட்டது என்பவை இருந்தால் போதும். நான்கு பக்கத்தில் அடங்கும்.

இதற்குப் பெரிய ஆணையம் ஒன்றும் வேண்டியதில்லை. கூட்டமைப்பின் பாதுகாப்புப் பொறுப்பாளர், தொடரோடு தொடர்பில்லாத ஒரு வாகனப் பொறியாளர், விபத்துச் சிகிச்சையில் அனுபவமுள்ள ஒரு மருத்துவர், ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவர் ஆகிய நால்வர் போதும். வாகனப் பொறியியலுக்குப் பெயர் பெற்ற சென்னையிலும், நரேன் கார்த்திகேயனைத் தந்த கோவையிலும் இவர்களுக்குப் பஞ்சமில்லை. கார் பந்தயத்தை நிறுத்தும் சிவப்புக் கொடியை வரவழைத்தாலோ, பதிவுக்கருவி நீங்கள் நிர்ணயிக்கும் ஓர் அளவைத் தாண்டினாலோ, தடுப்பு ஒன்று தன் இடத்தை விட்டு நகர்ந்தாலோ விசாரணை தானாகத் தொடங்க வேண்டும்; யாரேனும் புகார் கொடுக்கக் காத்திருக்கக் கூடாது. அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். தடத்தின் ஓரத்தில் கொடியோடும் தீயணைப்பானோடும் நிற்கும் இளைஞர்கள் அதைப் படிக்க வேண்டும். அவர்கள் கையில்தான் முதல் விநாடிகள் இருக்கின்றன.

அடுத்த பருவத்துக்கான நாட்காட்டியை அறிவிக்கும்போது, இந்த விசாரணைக் குழுவின் பெயர்ப்பட்டியலையும் அது அறிக்கை தர வேண்டிய கால வரம்பையும் சேர்த்து அறிவிக்குமாறு வேண்டுகிறேன். சென்ற பருவத்தில் நிகழ்ந்த பெரிய மோதல்கள் ஒன்றிரண்டின் பதிவுகள் உங்களிடம் இருந்தால், குழுவின் முதல் வேலையாக அவற்றையே கொடுக்கலாம்.

இப்படிக்கு,
பந்தயப் பார்வையாளன் ஒருவன்,
சென்னை